நெடுந்தூரப் பயணமும் குதிரையின் நோய் எதிர்ப்பாற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரிலிருந்து கிழக்குக் கரையில் உள்ள சிட்னிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவு. பந்தயக் குதிரைகளும் விளையாட்டுக் குதிரைகளும் அந்த நீண்ட சாலையில் லாரிகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. அவ்வழியில் நடந்த 180 பயணங்களின் பதிவுகளையும், அவற்றில் சென்ற 1,650 குதிரைகளின் நிலையையும் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். 97 சதவீதத்துக்கு மேற்பட்ட குதிரைகள் நலமாக வந்து சேர்ந்திருந்தன. எஞ்சிய 2.8 சதவீதக் குதிரைகளுக்கு ஏதோ ஒரு கேடு நேர்ந்திருந்தது; அவற்றில் கால் பங்குக்குச் சற்று அதிகமானவற்றுக்கு மூச்சுறுப்பு நோய், அதே அளவுக்கு வயிற்றுக் கோளாறு, எட்டில் ஒன்றுக்கு மரணம். கேடுற்றவை சிலவே ஆயினும், வண்டியில் ஏறும்போது அவை நலமாக இருந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஏறும்போது நலமாக இருந்த உடலில் இரண்டு மூன்று நாட்களுக்குள் நுரையீரல் எப்படிச் சீழ் பிடிக்கிறது என்பதையும், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதையும் கீழே உள்ள கேள்வி பதில்கள் விளக்குகின்றன.

குதிரை வண்டியில் நின்றபடிதானே வருகிறது? அதற்கு இதில் என்ன சிரமம்?

நிற்பதுதான் சிரமம். ஓடும் வண்டியில் நிற்கும் குதிரைக்கு அடுத்த வளைவு எப்போது வரும், ஓட்டுநர் எப்போது பிரேக்கை மிதிப்பார் என்பது தெரியாது. ஒவ்வொரு முறையும் கால்களை அகட்டி, கழுத்தைத் தூக்கி, உடலின் எடையை இடமும் வலமும் மாற்றி அது தன்னை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மணிக்கணக்காக நீடிக்கும் இந்தத் தசை உழைப்பு, லாயத்தில் சும்மா நிற்கும் குதிரைக்கு இல்லாதது. இதனுடன் வேறு சுமைகளும் சேர்கின்றன. பழகிய துணைக் குதிரைகளிடமிருந்து பிரிவு, இருண்ட இடுக்கமான இடம், இரைச்சல், வெப்பம், நேரம் தவறிய தீனி என்று அவை பல. குதிரை நின்றபடியே கண்ணயரும் ஆற்றல் உடையது. ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதிக்கு அது படுத்தே ஆக வேண்டும். வண்டியில் படுக்க வழியில்லை. ஆகவே ஒன்றரை நாள் பயணம் என்பது ஒன்றரை நாள் உறக்கக் குறைவும் ஆகும்.

ஏற்றும் நேரமே பல குதிரைகளுக்கு மிகப் பெரிய அச்சம். சாய்பலகையில் கால் வைக்க மறுக்கும் குதிரையை அடித்து ஏற்றுபவர்கள், பயணம் தொடங்கும் முன்பே அதன் எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறார்கள். வண்டியில் ஏறி இறங்கப் பல நாட்கள் முன்னதாகவே பொறுமையாகப் பழக்குவது மருந்துக்கு நிகரான தடுப்பு முறை என்பது என் உறுதியான கருத்து.

அச்சமும் களைப்பும் எதிர்ப்பாற்றலை எப்படிக் குறைக்கின்றன?

மூளை ஓர் ஆபத்தை உணர்ந்ததும் பிட்யூட்டரி சுரப்பியின் வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. சிறிது நேரத்துக்கு இது நல்லதுதான். சர்க்கரையை விடுவித்து, உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்துகிறது. அதே கார்ட்டிசோல் மணிக்கணக்காக உயர்ந்தே இருக்கும்போது வெள்ளையணுக்களின் ஒழுங்கு குலைகிறது.

ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக் காத்திருக்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் பிடியை விட்டு ரத்த ஓட்டத்தில் மிதக்கத் தொடங்குகின்றன; எலும்பு மஜ்ஜையும் தன் இருப்பை வெளியே அனுப்புகிறது. லிம்ஃபோசைட் என்னும் மற்றொரு வகை அணுக்களோ ரத்தத்தை விட்டு விலகுகின்றன. இதனால் பயணம் முடிந்த குதிரையின் ரத்தத்தைச் சோதித்தால் மொத்த வெள்ளையணுக்கள் கூடியும், நியூட்ரோஃபிலுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் உள்ள விகிதம் உயர்ந்தும் காணப்படும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கரோலின் ஸ்டல், ரோடியெக் ஆகியோர் கோடைக் காலத்தில் குதிரைகளை 24 மணி நேரம் லாரியில் கொண்டுசென்று ஆராய்ந்தபோது, வெள்ளையணுக்கள் பயண நேரம் கூடக் கூட ஏறிக்கொண்டே போய், இறக்கும் தறுவாயில் உச்சத்தைத் தொட்டன.

எண்ணிக்கை கூடியதை வலிமை கூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாவடியில் நிற்க வேண்டிய காவலர்கள் எல்லாரும் தெருவில் நடமாடினால் ஊரில் காவலர் பெருகியதுபோல் தோன்றும். சாவடிகள் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது. 1990-களில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஷாரன் ரைடலும் உடன் பணியாற்றியவர்களும் 12 மணி நேரச் சாலைப் பயணத்துக்குப் பிறகு குதிரைகளின் நியூட்ரோஃபில்களைச் சோதித்தார்கள். கிருமிகளை விழுங்கும் அவற்றின் திறன், பயணம் முடிந்த பிறகும் மந்தமாகவே இருந்தது. கிருமி நுழையும் நேரமும் காவல் தளரும் நேரமும் ஒன்றாக அமைவதுதான் நெடும்பயணத்தின் ஆபத்து.

பயணக் காய்ச்சல் என்று சொல்லப்படுவது எது?

நெடும்பயணத்தின்போதோ அது முடிந்த சில நாட்களுக்குள்ளோ குதிரைக்கு வரும் காய்ச்சலையும், அதைத் தொடர்ந்து நுரையீரலிலும் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலும் பரவும் அழற்சியையும் சேர்த்தே அப்படிச் சொல்கிறார்கள். இதன் தொடக்கம் வெறும் காய்ச்சலாக இருக்கலாம். ஓரிரு நாளில் தானாகத் தணிந்தும் போகலாம். தணியாதபோது நுரையீரலில் நிமோனியாவும், பின்னர் மார்புக் கூட்டில் சீழ் கலந்த நீரும் சேர்கின்றன. அந்த நிலையை அடைந்த குதிரைக்கு வாரக்கணக்கில் மருத்துவம் தேவைப்படும். பிழைத்தாலும் பழைய வேகத்தில் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது.

இதை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிகஸ் என்னும் பாக்டீரியா நலமான குதிரையின் தொண்டையில் எப்போதும் குடியிருப்பது. தொண்டையில் இருக்கும்வரை அதனால் தீங்கு இல்லை. மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கினால்தான் கேடு. ஆகவே பயணக் காய்ச்சல் கண்ட குதிரையைப் பார்த்து “எந்தக் குதிரையிடமிருந்து தொற்றியது?” என்று தேடுவது பல வேளைகளில் பயனற்றது. தொண்டையிலிருந்த பாக்டீரியா கீழே இறங்கியதும், இறங்கியதை வெளியேற்ற முடியாமல் போனதும் எதனால் என்று தேட வேண்டும். அந்தத் தேடல் குதிரையின் தலையில் போய் முடிகிறது.

தலையை உயர்த்திக் கட்டுவதில் அப்படி என்ன ஆபத்து இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

குதிரையின் மூச்சுக்குழாய் நீளமானது. அதன் உட்சுவரைச் சளிப் படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஒரே சீராக அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மேய்ச்சல் நிலத்தில் குதிரை ஒரு நாளின் பெரும்பகுதியைத் தலையைத் தரையில் வைத்தபடிதான் கழிக்கிறது. அப்போது மூச்சுக்குழாய் சரிந்து, சளி தன் எடையாலேயே வெளியே வழிகிறது. நுண்மயிரின் உழைப்பும் புவியீர்ப்பும் ஒரே திசையில் வேலை செய்யும்படி இந்த விலங்கின் உடல் அமைந்திருக்கிறது.

வண்டியில் குதிரையின் தலைக்கயிற்றை இரண்டு பக்கமும் குட்டையாக இழுத்துக் கட்டுவது வழக்கம். பக்கத்துக் குதிரையைக் கடிக்காமல் இருக்கவும், திரும்ப முயன்று கால் இடறாமல் இருக்கவும் இப்படிச் செய்கிறார்கள்; நோக்கம் நல்லதே. ஆனால் தலை உயர்ந்தே நிற்கும்போது சளி ஏற வேண்டிய பாதை செங்குத்தாகிவிடுகிறது. சிட்னியில் ரைடல் குழுவினர் குதிரைகளை வண்டியில் ஏற்றாமலேயே, ஓரிடத்தில் நிறுத்தித் தலையை மட்டும் உயர்த்திக் கட்டிவைத்து ஆராய்ந்தார்கள். பயணமும் இரைச்சலும் குலுக்கலும் இல்லாத அந்த நிலையிலேயே, 6 முதல் 12 மணி நேரத்துக்குள் மூச்சுக்குழாயின் அடிப்பகுதியில் பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன; நேரம் செல்லச் செல்ல அங்கே சீழ் அணுக்களும் சேர்ந்தன. 6 மணி நேரத்துக்கு ஒரு முறை 30 நிமிடம் தலையை அவிழ்த்துவிட்டும் பார்த்தார்கள். அதனால் பெருக்கம் நின்றுவிடவில்லை. கட்டை முழுவதும் அவிழ்த்துத் தலையைத் தாழ்த்தவிட்ட பிறகு, ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் மூச்சுக்குழாய் தன்னைத் தானே தூய்மை செய்துகொண்டது.

இதிலிருந்து நாம் பெற வேண்டியது தெளிவானது. அஞ்சிய மனம், அசையும் வண்டி, தூசி நிறைந்த காற்று ஆகிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டாலும், உயர்த்திக் கட்டிய தலை ஒன்றே நுரையீரலில் கிருமியைச் சேர்த்துவிடுகிறது. வண்டியில் மற்றவையும் உடன் சேர்கின்றன. டேவிஸ் வளாகத்தில் 2002-இல் வெளியான மற்றொரு ஆய்வு, 24 மணி நேரப் பயணத்தில் இருபுறமும் கட்டப்பட்ட குதிரைகளையும், கட்டாமல் சிறு தடுப்புக்குள் விடப்பட்ட குதிரைகளையும் ஒப்பிட்டது. கட்டப்பட்டவற்றின் கார்ட்டிசோலும் வெள்ளையணு விகிதமும் மற்றவற்றைவிட உயர்ந்திருந்தன. கட்டு நுரையீரலை மட்டுமின்றி உடல் முழுவதையும் வருத்துகிறது என்பதற்கு இது சான்று.

எனவே இடம் கொடுக்கும் வண்டி என்றால் குதிரையைக் கட்டாமல் தடுப்புக்குள் விடுவதே மேல். கட்டியே தீர வேண்டும் என்றால் மூக்கு முட்டிவரையேனும் தாழும்படி கயிற்றை நீளமாக விட வேண்டும்; அந்த நீளத்தில் கால் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், இழுத்தால் அறுபடும் மெல்லிய கயிற்றுக் கண்ணியில் முடிவது நல்லது. புல்வலையை முகத்துக்கு நேரே உயரத்தில் தொங்கவிடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அது தலையையும் உயர்த்துகிறது, தூசியையும் மூக்கில் கொட்டுகிறது.

எத்தனை மணி நேரம் வரை கவலை இல்லை?

ஒரு கோடு கிழித்து அதுவரை பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 3, 4 மணி நேரப் பயணத்தில் நலமான குதிரைக்கு மூச்சுறுப்பு நோய் வருவது அரிது. 8 மணி நேரத்தைத் தாண்டும்போது கவனம் தேவை. 12 மணி நேரத்தைத் தாண்டும் எந்தப் பயணத்தையும் நோய் உண்டாக்கக் கூடிய பயணமாகவே கருதித் திட்டமிட வேண்டும். ஜப்பானில் பந்தயக் குதிரைகளை வடக்கே ஹொக்கைடோ தீவுக்கும் தென்பகுதிக்கும் இடையே கொண்டுசெல்வதில் நீண்ட அனுபவம் உண்டு. அங்கு 20 மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில் காய்ச்சல் காணும் குதிரைகள் வெகுவாகக் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு விதிமுறை, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் காட்டி, அதிகபட்சம் 24 மணி நேரம் வரை குதிரைகளைக் கொண்டுசெல்ல இடம் தருகிறது. பதிவு பெற்ற விளையாட்டுக் குதிரைகளுக்கு அந்த நேர வரம்பு பொருந்துவதில்லை. சட்டம் அனுமதிக்கும் 24 மணி நேரத்தை நுரையீரலும் அனுமதிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளின்படி கிருமிகள் அதற்கு வெகு முன்னதாகவே பெருகத் தொடங்கிவிடுகின்றன.

வண்டிக்குள் இருக்கும் காற்று எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம். சாணமும் மூத்திரமும் சேர்ந்த தரையிலிருந்து அமோனியா எழுகிறது. அது நுண்மயிர்களை எரிச்சலூட்டி முடக்குகிறது. உலர்புல்லிலும் வைக்கோலிலும் பூஞ்சை வித்துகளும் நுண்தூசியும் உண்டு. ஓடும் வண்டியில் காற்று ஓரளவு மாறிக்கொண்டிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியிலோ வெப்பமும் அமோனியாவும் சில நிமிடங்களிலேயே ஏறுகின்றன. ஓட்டுநர் சாப்பிட இறங்கும் அரை மணி நேரம் குதிரைக்கு ஓய்வாக அமைய வேண்டுமானால் வண்டி நிழலில் நிற்க வேண்டும், திறப்புகள் திறந்திருக்க வேண்டும், சாணம் அள்ளப்பட வேண்டும். குளிர் படும் என்று அஞ்சி எல்லாத் திறப்புகளையும் மூடிவிடுவது குளிரைவிடக் கேடானது. புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் தூசியும் அடங்கும், சிறிது நீரும் உள்ளே போகும்.

தண்ணீர் குடிக்க மறுக்கும் குதிரையை என்ன செய்வது?

முதலில் அது ஏன் முக்கியம் என்று பார்க்கலாம். முன்னே சொன்ன 24 மணி நேரக் கோடைப் பயண ஆய்வில் குதிரைகள் சராசரியாக உடல் எடையில் 6 சதவீதத்தை இழந்தன. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 30 கிலோ. அடுத்த 24 மணி நேரத்தில் பாதியளவே திரும்பக் கிடைத்தது. இழந்ததில் பெரும்பகுதி நீரும் குடலில் இருந்த தீனியுமே. உடலில் நீர் குறைந்தால் மூச்சுக்குழாய்ச் சளி கெட்டிப்படுகிறது. கெட்டியான சளியை நுண்மயிரால் தள்ள முடியாது. குடலிலும் சாணம் இறுகி வயிற்றுவலி வருகிறது. தீனியும் நீரும் இன்றி நிற்கும் குதிரையின் இரைப்பையில் அமிலம் தேங்கிப் புண் உண்டாகிறது. குடல் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதால், அதுவரை எந்த அறிகுறியும் இன்றி சால்மொனெல்லா என்னும் குடல் பாக்டீரியாவைச் சுமந்திருந்த குதிரை அதைச் சாணத்தில் வெளியேற்றத் தொடங்குவதும் உண்டு. அது வந்திறங்கும் லாயத்தில் உள்ள பிற குதிரைகளுக்கும் ஆபத்து.

வேற்றூர்த் தண்ணீரின் மணமும் சுவையும் பிடிக்காமல் பல குதிரைகள் முகம் திருப்பிக்கொள்ளும். சொந்த லாயத்துத் தண்ணீரைக் கேன்களில் உடன் கொண்டுபோவது எளிய வழி. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே தண்ணீரில் சிறிது வெல்லமோ ஆப்பிள் சாறோ கலந்து பழக்கி, வழியிலும் அதே சுவையில் கொடுப்பவர்களும் உண்டு. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, குதிரை அமைதி அடைய நேரம் கொடுத்து, வாளியைத் தாழ்வாக வைத்துக் காட்ட வேண்டும். வாளியைத் தாழ வைப்பதால் தலையும் தாழ்கிறது. கொள்ளு, தானியம் போன்ற செறிவான தீனியைப் பயணத்தின்போது குறைத்து, புல்லையே தர வேண்டும்.

உடலில் உறங்கும் வைரஸ் பயணத்தால் விழித்துக்கொள்ளும் என்பது உண்மையா?

உண்மை. குதிரை ஹெர்பீஸ் வைரஸ் 1 என்பது வளர்ந்த குதிரைகளில் மிகப் பலவற்றின் உடலில் இளம் வயதிலேயே நுழைந்து, லிம்ஃபோசைட்டுகளிலும் முகத்தின் நரம்புக் கணுக்களிலும் ஓசையின்றித் தங்கிவிடுவது. எதிர்ப்பாற்றல் தளரும்போது அது மீண்டும் பெருகி மூக்குச்சளி வழியே வெளியேறுகிறது. கார்ட்டிசோலைப் போன்ற மருந்துகளை அதிக அளவில் செலுத்தி இதை ஆய்வுக்கூடத்தில் வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள். பயண அயர்ச்சியும் இதே வழியில் செயல்படுகிறது. இந்த வைரஸ் சில குதிரைகளுக்கு வெறும் சளிக்காய்ச்சலாகவும், சினைக் குதிரைகளுக்குக் கருச்சிதைவாகவும், சிலவற்றுக்குப் பின்னங்கால்கள் தள்ளாடி விழும் நரம்பு நோயாகவும் வெளிப்படுகிறது.

2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த தாண்டுதல் போட்டித் தொடரில் இந்த நரம்பு நோய் பரவியது. பல நாடுகளிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து வந்த குதிரைகள் ஒரே வளாகத்தில் வாரக்கணக்கில் நெருக்கமாகத் தங்கியிருந்தன. 18 குதிரைகள் இறந்தன. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு, ஐரோப்பியக் கண்டத்தின் முதன்மை நிலப்பகுதியில் தன் போட்டிகளை ஏப்ரல் 11 வரை நிறுத்திவைத்தது.

இந்தியச் சூழலில் கிளாண்டர்ஸ் நோயையும் நினைவில் கொள்ள வேண்டும். 2006-இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டிய இந்த நோய், கழுதைகளையும் கோவேறு கழுதைகளையும் குதிரைகளையும் தாக்குவதுடன் மனிதருக்கும் தொற்றக் கூடியது. இதற்குத் தடுப்பூசி இல்லை. நாட்பட்ட தொற்றைச் சுமக்கும் விலங்கு வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றலாம். ஆகவே, ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்லும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது குதிரைக்கு மட்டுமல்லாமல் அதைத் தொட்டு வளர்ப்பவர்களுக்கும் காப்பு. ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இத்துறையில் நாட்டின் முதன்மை நிறுவனம்.

விமானத்தில் கொண்டுசென்றால் இந்தச் சிக்கல்கள் இல்லையா?

நேரம் குறையும், சிக்கல் மறையாது. விமானம் வானில் சீராகப் பறக்கும்போது குதிரைகள் பெரும்பாலும் அமைதியாகவே நிற்கின்றன. ஆனால் விமானத்தின் வறண்ட காற்று, தரையில் காத்திருக்கும் நேரத்தின் வெப்பம், அடைப்புக்குள் தலையைத் தாழ்த்த இடமின்மை ஆகியவை நுரையீரலுக்கு எதிராகவே வேலை செய்கின்றன. 1993-இல் அயர்லாந்திலிருந்து பறந்து சென்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தை வென்ற விண்டேஜ் கிராப் என்னும் குதிரை, பூமியின் மறுபக்கம்வரை ஒரு குதிரையை நலமாகக் கொண்டுசெல்ல முடியும் என்று காட்டியது. 2007-இல் ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்த குதிரைகளுடன் சேர்ந்து வந்த குதிரை இன்ஃப்ளூயன்சா, சிட்னிக்கு அருகில் உள்ள தனிமைக் காப்பகத்திலிருந்து வெளியே கசிந்து, அந்த நோயே இல்லாதிருந்த ஆஸ்திரேலியாவின் இரு மாநிலங்களில் குதிரை நடமாட்டத்தை முடக்கியது. வந்திறங்கிய குதிரையைத் தனியே வைப்பதும், அதைப் பார்த்துக்கொள்பவர் கை கழுவி உடை மாற்றாமல் வெளியேறாதிருப்பதும் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை.

தடுப்பூசியைப் புறப்படும் முன்தினம் போட்டால் போதுமா?

போதாது. தடுப்பூசிக்கு உடல் பதில் தர இரண்டு வாரமேனும் ஆகும். அந்தப் பதிலை உருவாக்குவதும் ஓர் உழைப்பே. அதை முடிக்கும் முன் பயணச் சுமையை ஏற்றினால் இரண்டும் கெடும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். சர்வதேசப் போட்டிகளுக்குச் செல்லும் குதிரைகளுக்கு, வந்து சேர்வதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டிருக்கக் கூடாது என்பது விதி.

முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு அனுப்பலாமா?

வழக்கமாகச் செய்யக் கூடாது. தலை உயர்த்திக் கட்டிய குதிரைகளுக்கு முன்கூட்டியே பென்சிலின் கொடுத்துச் சிட்னி ஆய்வாளர்கள் சோதித்தபோது, அது கிருமிப் பெருக்கத்தை நம்பத் தகுந்த அளவில் தடுக்கவில்லை. தேவையற்ற ஆன்டிபயாட்டிக் குடல் நுண்ணுயிர்களைக் கெடுத்துக் கடும் வயிற்றுப்போக்கை வரவழைக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். வீக்கம் தணிக்கும் மருந்துகளைக் கொடுத்து அனுப்புவதும் ஆபத்து, ஏனென்றால் அவை காய்ச்சலை மறைத்துவிடும். விதிவிலக்கு தேவைப்படும் குதிரை எது என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எந்தக் குதிரையை அனுப்பவே கூடாது?

கடந்த சில வாரங்களுக்குள் இருமல், மூக்கொழுக்கு, காய்ச்சல் கண்ட குதிரையை அனுப்பக் கூடாது. ஆறிவிட்டதுபோல் தோன்றினாலும் அதன் நுண்மயிர்கள் முழுமையாக மீண்டிருக்காது. கடும் பந்தயம் ஓடிய மறுநாள் நெடும்பயணம் தொடங்குவதும் தவறு. ஈன்றெடுக்கும் நாள் நெருங்கிய சினைக் குதிரை, பால்குடி மாறாத குட்டி, வயது முதிர்ந்து மெலிந்த குதிரை ஆகியவற்றுக்கு மருத்துவரின் ஒப்புதல் இன்றிப் பயணம் கூடாது. இந்தியாவில் 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளும், பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழைக் கோருகின்றன. அந்தச் சான்றிதழைக் குதிரையைப் பாராமலே எழுதி வாங்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அது அந்தக் குதிரைக்கு இழைக்கும் துரோகம்.

முற்காலத்தில் வாரக்கணக்கில் கப்பலில் குதிரைகள் வந்தனவே, அவை எப்படிப் பிழைத்தன?

பல பிழைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகக் குதிரைகள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலில் வந்தன. வேலர் என்று அவற்றுக்குப் பெயர் வழங்கியது. பல வாரக் கடல் பயணம் முழுவதும் குறுகிய தடுப்புகளுக்குள் நின்றபடியே அவை வந்தன. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் தரப்பு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை இழந்தது. குண்டுபட்டு இறந்தவற்றைவிட, கப்பலிலிருந்து இறங்கிய கையோடு ஓய்வின்றிப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, நோயிலும் பட்டினியிலும் களைப்பிலும் மடிந்தவையே மிகுதி. வந்திறங்கிய குதிரைக்கு ஓய்வு வேண்டும் என்ற பாடம் அவ்வளவு உயிர்களைக் கொடுத்துக் கற்கப்பட்டது.

வழியில் இறக்கி ஓய்வு கொடுப்பது நல்லதா, ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லதா?

12 மணி நேரத்துக்குள் முடியும் பயணம் என்றால், இடையில் இறக்கி ஏற்றும் அலைச்சல் இல்லாமல், நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் காட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நல்லது. அதற்கு மேல் என்றால் ஓர் இரவு முழுவதும் இறக்கி, கட்டாமல் விட்டு, புல்லைத் தரையில் போட்டுத் தின்னவிட வேண்டும். மூச்சுக்குழாய் தூய்மையாக 8 முதல் 12 மணி நேரம் தேவை என்று முன்னே கண்டோம். ஒரு மணி நேர நிறுத்தம் ஓட்டுநருக்கு ஓய்வாகலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஓய்விடத்தில் மற்ற குதிரைகளின் வாளியையும் தொட்டியையும் பயன்படுத்தாதிருப்பது தொற்றைத் தவிர்க்கும்.

வந்து சேர்ந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தெர்மாமீட்டர். வளர்ந்த குதிரையின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஏற்றும் முன் ஒரு முறையும், இறக்கியவுடன் ஒரு முறையும், அடுத்த 3 நாட்களுக்குக் காலையும் மாலையும் ஆசனவாயில் வைத்துப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இந்தச் சிறு வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டு, மூக்கில் சீழ் ஒழுகும்போது மருத்துவரை அழைப்பவர்களால்தான் பல குதிரைகள் வீணாகச் சாகின்றன. 38.5-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். நாளை வரை காத்திருக்கக் கூடாது.

வெப்பத்துக்கு அடுத்தபடி தீனி. வந்த இரவு புல்லை முகர்ந்துவிட்டு ஒதுங்கும் குதிரையைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. இருமல் எல்லாக் குதிரைக்கும் வருவதில்லை. மார்பு வலியுள்ள குதிரை முழங்கைகளை வெளியே அகட்டி நிற்கும், திரும்பத் தயங்கும், குறுகிய அடி வைக்கும், தொட்டால் முனகும். இதைச் சிலர் வயிற்றுவலி என்றும் கால்வலி என்றும் பிழையாகக் கொள்கிறார்கள். மூச்சில் அழுகல் நாற்றம் அடித்தால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் கிருமிகள் நுரையீரலில் குடியேறிவிட்டன என்று பொருள்; அது மிகக் கெட்ட அறிகுறி. மருத்துவர் ரத்தத்தில் அழற்சிப் புரதங்களையும், அல்ட்ராசவுண்டு மூலம் மார்புக் கூட்டில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார். முதல் நாளிலேயே தொடங்கும் மருத்துவத்துக்கும் ஐந்தாம் நாளில் தொடங்கும் மருத்துவத்துக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குதிரையின் உயிர்தான்.

மீண்டும் எப்போது பயிற்சிக்கு எடுக்கலாம்?

12 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு, வெப்பம் இயல்பாக இருந்து, தீனியும் தண்ணீரும் வழக்கம்போல் எடுத்தாலும், முதல் நாள் முழு ஓய்வு. திறந்த வெளியில் கையில் பிடித்து நடத்தித் தரைப்புல்லை மேயவிடுவது மட்டும் போதும். அடுத்த இரண்டு நாட்கள் நடை. மூன்று நாட்களும் வெப்பம் ஏறாதிருந்தால் மட்டுமே மெல்ல ஓட்டத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் வேக ஓட்டத்துக்கு விட்டால், மூச்சுக்குழாயில் எஞ்சியிருக்கும் கிருமிகளை ஆழ்ந்த மூச்சு நுரையீரலின் அடிவரை இழுத்துச் செல்லும். கண்டங்கள் கடந்து வந்த குதிரைக்கும், பயணத்தில் எடை மிகுதியாக இழந்த குதிரைக்கும் ஒரு வாரமோ அதற்கு மேலோ தேவைப்படலாம். அந்த எடை திரும்பிவிட்டதா என்பதை, மார்பைச் சுற்றி அளந்து எடையைக் கணிக்கும் எடைநாடாவால் அளந்து பார்த்தே பயிற்சி நாளைக் குறிக்க வேண்டும்.